கைகள் மடிக்கு வரும்வரை

நம் வயதுக்காரர்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள். பியானோவோடு ஒருவர் பாடும் மேற்கத்தியப் பாட்டுக் கச்சேரிக்குப் போனால், பாடுகிறவர் வாயை மூடியதும் கை தட்டாதீர்கள். பியானோ வாசிக்கிறவரின் கைகள் மடிக்கு வரும்வரை பொறுத்திருங்கள். பாட்டு அப்போதுதான் முடிகிறது.

சென்ற குளிர்காலத்தில் சிட்னியில் ஒரு சிறிய மண்டபத்துக்குப் போயிருந்தேன். நம்மில் ஒருவருடைய மகள் பாடினாள். ஒரே இசையமைப்பாளரின் பாட்டுகள். ஒரு பாட்டில் குரல் முடிந்தது, பியானோ இன்னும் போய்க்கொண்டிருந்தது. நம்முடைய வரிசைகளில் கை தட்டத் தொடங்கிவிட்டோம். பியானோக்காரர் மிச்சத்தை அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாசித்து முடித்து எழுந்து வணங்கினார். குறை சொல்லவில்லை. நாம் கேட்டு வளர்ந்த கச்சேரிகளின் ஒழுங்கு வேறு. ஆனால் நான் எழுந்து வெளியே போய், கோட்டுகள் மாட்டியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இடைவேளையில் என் தோழி, "என்னடி, உடம்புக்கு ஏலாதா?" என்று கேட்டாள். இடைவேளைச் சத்தத்தில் சொல்லி முடிக்கக்கூடிய கதை அல்ல. இங்கே எழுதுகிறேன்.

இசையமைப்பாளரின் பெயரை எழுதப்போவதில்லை. இந்தக் குறிப்பில் யாருக்கும் பெயர் இல்லை, அவருக்கு மட்டும் எதற்கு. பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பெரிய வாத்தியக் குழுக்களுக்கு எழுதியவற்றால் புகழ் பெற்றவர். இந்தப் பாட்டுகளை மட்டும் வீடுகளுக்காக எழுதினார், பாட ஒருவரும் வாசிக்க ஒருவரும் இருக்கும் வீடுகளுக்காக. இவற்றில் பியானோ குரலுக்குப் பின்னால் தூக்குக்கூடை சுமந்துகொண்டு வருவதில்லை. பாட்டின் மெட்டு குரலுக்கு மட்டும்தான். பியானோவுக்கு வேறு வேலை உண்டு. இந்தச் செய்தி எங்கள் வீட்டில் அம்மாவையும் என்னையும் தவிர எவருக்கும் தெரியாததால் நடந்ததுதான் இது.

நான் எதையும் மாதம் பார்த்து எழுதிவைக்கிறவள். இதற்கு முன் ஓரிடத்தில், இது ஜூலையில் தொடங்கியது என்று குறித்திருந்தேன். அது பிழை. குளிர்காலப் பள்ளி விடுமுறை முடிந்த பிறகுதான் பெரியப்பா எனக்குப் பியானோ இருந்த முன்னறையின் சாவியைத் தந்தார். ஆகவே ஆகஸ்ட். குளிர்காலக் கடைசியில் பூக்கும் வேலியோரத்து வாட்டில் மரம் மஞ்சளாய்ப் பூத்திருந்ததும் அதற்குச் சாட்சி.

அம்மாவும் நானும் முதலில் வந்தோம். அப்பாவின் விசா விண்ணப்பத்தில் ஏதோ ஒரு தாள் குறைந்ததால் அவர் கொழும்பில் நின்றுவிட்டார். சிட்னியின் புறநகரான பென்டில் ஹில்லில் அம்மாவின் தமக்கை வீட்டில் இருந்தோம். இன்று அந்த ரயில் நிலையத்தில் இறங்கினால் இடியப்பம் வாங்கலாம், முருங்கைக்காய் வாங்கலாம். அன்று ஒரு கறிவேப்பிலைக்கும் ரயிலேற வேண்டும். வீட்டில் பெரியம்மா, பெரியப்பா, பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா. அம்மாவும் நானும் பின்பக்கச் சிறிய அறையில், ஒரே கட்டிலில்.

ஒரே கட்டில் என்றாலும் நாங்கள் சந்திப்பது குறைவு. அம்மாவுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் பின்னேர வேலை. நான் பள்ளிக்குப் புறப்படும்போது அவர் போர்வைக்குள் இருப்பார். திரும்பி வரும்போது போயிருப்பார். தலையணையில் அவருடைய கைப்பூச்சின் வாசனையும், அதற்கு அடியில் அந்த இல்லத்துக் கிருமிநாசினியின் வாசனையும் இருக்கும். குசினி மேசையில் ஒரு தட்டை மூடி மற்றொரு தட்டு. அதைத் திறந்தால், அன்று அம்மா என்ன நினைத்திருந்தார் என்று தெரியும். பொரித்த முட்டை இருந்தால் நல்ல நாள்.

நம்மில் பலர் அந்த வயதில் இப்படித்தான் இருந்தோம். கழுத்தில் சாவி, காலில் ஈரச் சப்பாத்து, மதிய இடைவேளையில் நூலகத்தின் கடைசி மேசை. நான் வகுப்பில் மாதக்கணக்காக "ஹியர் மிஸ்" தவிர வேறு எதுவும் பேசவில்லை. எவரும் கொடுமை செய்யவில்லை. என்னைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முன்னறையில் அக்காவுக்காக வாங்கிய பியானோ இருந்தது. மண்ணிறம், நிமிர்ந்து நிற்கிற வகை. மேலே பின்னல் விரிப்பு, அதன் மேல் பெரியப்பாவின் கல்யாணப் படம், கண்ணாடியில் செய்த ஓர் அன்னம். கீழே மண்ணிறக் கம்பளம். இரண்டு சிவப்புக் கம்பிகள் கொண்ட மின் அடுப்பு ஒன்று காலுக்குச் சூடு தரும், முழங்காலுக்கு மேல் குளிர். அக்கா வாசிப்பதை நிறுத்தி நாளாகியிருந்தது. கொழும்பில் நான் சில வருடம் பழகியவள் என்பதால், பள்ளி விட்டதிலிருந்து பெரியப்பாவின் கார் வரும்வரை வாசிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. சத்தம் கூடினால் அக்கா சுவரில் ஒரு தட்டு தட்டுவாள். அந்தத் தட்டைக்கூட நான் விரும்பினேன். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அம்மாவின் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், பச்சைத் துணி அட்டை போட்ட, அதே இசையமைப்பாளரின் பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. பூச்சி உருண்டை மணக்கும். அம்மா கொழும்பில் கன்னியர் மடப் பள்ளியில் படித்தபோது சங்கீதம் கற்பித்த சகோதரி கொடுத்தது. எனக்கும் பியானோ கற்பித்தவர் அவரே. ஒரு பரிசளிப்பு விழாவில் அந்தச் சகோதரி வாசிக்க, பழைய மாணவியாக அம்மா வந்து அதில் ஒரு பாட்டைப் பாடியதை மண்டபத்தின் பக்கவாட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். ஆற்றங்கரையில் இருட்டுகிற நேரம். ஒரு பெண் படகுக்காரனைக் கூப்பிடுகிறாள். மறு கரையில் அசைவில்லை. மறுபடி கூப்பிடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. ஜெர்மன் சொற்கள், கீழே ஆங்கிலம். மேடையில் நின்ற அம்மா எனக்குத் தெரியாத ஒருவராக இருந்தார். அதற்காக நான் பயப்படவில்லை, பெருமைப்பட்டேன்.

சிட்னிக்கு வந்த பிறகு அம்மா பாடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை இழுத்துவிடும்போது கேட்டேன்.

"அம்மா, இஞ்ச நீங்க பாட மாட்டீங்களா?"

"ஆர் வாசிக்கிறது?"

"தனியப் பாடுங்கோவன்."

"தனியப் பாடுற பாட்டில்ல பிள்ளை அது. ஆடாத, பின்னல் கோணும்."

அதை ஒரு மறுப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு குறைபாடு, சரிசெய்யக் கூடியது என்று எடுத்துக்கொண்டேன். வாசிக்க ஆள் இல்லை, அவ்வளவுதானே.

புத்தகத்தில் ஐந்து கோடுகள் கொண்ட வரிசைகள் மூன்று மூன்றாக அடுக்கியிருக்கும். மேல் வரிசை குரலுக்கு. கீழ் இரண்டும் பியானோவுக்கு. நான் கீழ் இரண்டை மட்டும் பழகினேன். இடக்கை ஆற்றின் ஆழம், வலக்கை அதன் மேல் அலை. குரல் வரும் முன்பே தண்ணீர் ஓடத் தொடங்கிவிடும். முதல் கூப்பிடலுக்கும் இரண்டாவதற்கும் இடையில் தனியாக ஓடும். குரல் முடிந்த பிறகும் ஓடி, ஓடி, மெல்ல இருட்டுக்குள் போகும். குரல் வரவேண்டிய இடங்களில் என் கைகளின் சத்தம் தாழ்ந்து, வழி விட்டு நிற்கும். அந்த வெற்றிடத்தில் அம்மாவின் குரலை மனதுக்குள் வைத்துக்கொள்வேன். மேல் வரிசையை விரலால் தொட்டதில்லை. அது என்னுடையது அல்ல.

யாரிடமும் சொல்லவில்லை. ஆயத்தமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டு, இந்தாருங்கள், வாசிக்க ஆள் வந்துவிட்டது என்று காட்டுவதாக எண்ணம்.

பெரியப்பா ஒரு நாள் வேளைக்கே வீட்டுக்கு வந்து கதவருகில் நின்று கேட்டார். நல்ல மனிதர். எங்களுக்கு வீடு தந்தவர். தன் காதையும் நம்பியவர்.

"என்ன பிள்ளை வாசிக்கிறாய்?"

"பாட்டு, பெரியப்பா."

"பாட்டு எங்க? நானும் எத்தனை நாளாக் கேக்கிறன். சோறு சோறா வருது, கறியைக் காணேல்ல."

குசினியிலிருந்து பெரியம்மா, "பழகட்டும் விடுங்கோ. நீங்க சைக்கிள் பழகேக்க உடன ஓடினீங்களே?" என்றார்.

"நான் விழுந்தாலும் றோட்டிலதான் விழுந்தனான். இவள் இன்னும் வளவை விட்டு வெளிக்கிடேல்ல."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரு கருத்து நிலைத்துவிட்டது. பிள்ளைக்கு ஆசை இருக்கிறது, கை வராது. வருகிறவர்களிடம் பெரியப்பா அதைப் பரிவோடு சொல்வார். நான் விளக்கியிருக்கலாம். விளக்கினால் கதை அம்மாவின் காதுக்குப் போய்விடும்.

செப்டம்பரில் அப்பாவின் தொலைபேசி வந்தது. தாள் கிடைத்துவிட்டது, வருடம் முடிவதற்குள் வருகிறார். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போனார். பெரியப்பா அன்றே வீட்டை அளந்துவிட்டார்.

"முன்னறையை அவருக்கும் உனக்கும் தாறன். பிள்ளை பின்னறையில படுக்கட்டும். பியானோவைக் குடுத்திடுவம். ஒருத்தரும் வாசிக்கிறேல்லத்தானே."

"பிள்ளை..." என்று பெரியம்மா தொடங்கினார்.

"பிள்ளைக்குத் தகப்பன் முக்கியமோ, பியானோ முக்கியமோ?"

அம்மா என்னைப் பார்த்தார். "அப்பாதான்" என்றேன். உண்மையாகவே அப்பாதான். ஆனால் அதற்குள் ஒரே ஒரு தடவை அம்மா பாடிவிட வேண்டும்.

அடுத்த ஞாயிறு அம்மா மதியம் வரை தூங்கினார். எழுப்ப மனம் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, வராத ஒருவருக்குப் பதிலாக வேலைக்குப் போனார். அப்பா வருவதற்கு முன் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று அதற்குப் பிறகும் போனார். நான் ஒவ்வொரு ஞாயிறும் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு, மாலையில் மூடினேன்.

வாங்க வருகிறவர்கள் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. கோடை நேரம் தொடங்குவதால் அன்று காலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் ஞாபகம் இல்லை. அவர்கள் வரும் முன் அம்மா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது பெரியப்பாவின் திட்டம். "பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டா அழும்" என்று அவர் மெல்லச் சொன்னதைக் கேட்டேன். அம்மா மத்தியானச் சமையலுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். பெரியப்பா சாரத்தோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது.

தமிழ்நாட்டுக் குடும்பம். கணவர் பொறியியலாளர். மனைவி. பால் பல் விழுந்த ஒரு சின்னப் பெண். கணவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரியா வந்துட்டோம்னு நெனச்சோம். தொந்தரவு பண்ணிட்டோமா?"

"இல்லையில்லை, வாங்கோ, இருங்கோ," என்று பெரியப்பா சாரத்தை இறுக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பெரியம்மா கதிரைகளைத் துடைத்தார். அம்மா குசினியை விட்டு வரவில்லை. வீட்டுச் சட்டையோடு இருந்தார். நான் மட்டும் பியானோவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மனைவி கேட்டார். "பாப்பா, நீ வாசிப்பியா? ஏதாச்சும் ஒண்ணு வாசிச்சுக் காட்டேன்."

எனக்கு முழுதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வாசித்தேன். ஆறு ஓடியது, குரலின் இடத்தில் வழி விட்டது, மறுபடி ஓடியது.

மனைவி கணவரிடம் குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது. "என்னங்க, ட்யூனே வரலையே. மேல இருக்கிற கட்டையெல்லாம் போச்சா?"

அவர் எழுந்து வந்து மேல் கட்டைகளை ஒரு விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினார். குளிர்காலத்து ஈரத்தில் இரண்டொன்று ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தன. எனக்கு அது முன்பே தெரியும். என் பாட்டுக்கு அவை தேவைப்பட்டதில்லை.

"ஆமா, பாரு. அதான் வாசிக்கும்போது பாட்டு கேக்கல." பெரியப்பா காற்சட்டை மாற்றி வந்திருந்தார். அவரிடம் திரும்பி, "ரிப்பேர் நிறைய இருக்கும் போலிருக்கே சார். யோசிச்சுச் சொல்றோமே," என்றார்.

பெரியப்பாவுக்கு முகம் கறுத்தது. "பியானோவில பிழையில்ல. பிள்ளைக்குத்தான் இன்னும் சரியா வாசிக்கத் தெரியாது."

எனக்கு அந்தச் சொல் வலிக்கவில்லை. நான் வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் வாங்கமாட்டார்கள். பியானோ நிற்கும். அம்மாவுக்கு இன்னும் ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.

"இன்னொரு தடவை வாசி பாப்பா," என்றார் அவர். "நல்லாக் கேட்டுடறேன்."

ஆசையோடு உட்கார்ந்தேன். இன்னும் நன்றாக வாசித்தால் இன்னும் நன்றாகப் பாட்டு இல்லாமல் போகும் என்று தெரியும். இடக்கையில் ஆழம், வலக்கையில் அலை. குரல் வரவேண்டிய இடம் வந்தது. கைகள் தாழ்ந்தன.

குசினிக்குள்ளிருந்து அம்மா பாடினார்.

 சின்னப் பெண் வாயைத் திறந்தபடி குசினி வாசலைப் பார்த்தாள். அங்கே ஆளைக் காணவில்லை, குரல் மட்டும். அக்காவின் அறைக் கதவு திறந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு கட்டையைப் பிழையாகத் தொட்டாலே போதும், எல்லாம் குலைந்திருக்கும். கைகள் கேட்கவில்லை. மாதக்கணக்காக அந்தக் குரலுக்கு வழி விட்டுப் பழகிய கைகள். முதல் கூப்பிடல் முடிந்து, பியானோ தனியாக ஓடி, இரண்டாவது கூப்பிடலுக்கு அம்மா குசினி வாசலுக்கு வந்திருந்தார். கண்கள் வெங்காயத்தில் சிவந்திருந்தன. என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்துப் பாடினார்.

குரல் முடிந்தது. எனக்கு இன்னும் ஆறு இருந்தது.

"அடேயப்பா," என்றார் கணவர். கை தட்டினார். மனைவியும் பெண்ணும் தட்டினார்கள். "பியானோ அருமையா இருக்கு சார். நாமதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். எப்ப எடுத்துக்கலாம்?"

"நாளைக்கே எண்டாலும் எடுக்கலாம்," என்றார் பெரியப்பா. அவர்கள் பேசிக்கொண்டிருக்க, மிச்சத்தை வாசித்தேன். கைகளை மடியில் வைத்து நிமிர்ந்தபோது வாசலில் அம்மா இல்லை. குரல் முடிந்த பிறகு வரும் அந்த மிச்ச ஆற்றையும் அவருக்காகவே பழகி வைத்திருந்தேன். அவர் கேட்டிருக்கவில்லை என்று நினைத்தேன்.

அம்மா ஏன் பாடினார் என்று அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஊகங்கள் என்னிடம் உண்டு. அப்பாவுக்கு அறை வேண்டும் என்று பாடியிருக்கலாம். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்ற சொல்லைத் தாங்காமல் பாடியிருக்கலாம். பல வருடம் நான் முதலாவதை நம்பினேன், பிறகு இரண்டாவதை. பாடுகிறவர்கள் சிலரோடு பழகிய பிறகு மூன்றாவது ஒன்றும் தோன்றுகிறது. முன்னிசை வந்தது, தன் இடம் வந்தது, வாய் தானாகத் திறந்தது. அதற்குமேல் யோசிக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

பியானோவை அந்த வாரமே எடுத்துப் போனார்கள். தெருவில் ஜக்கரண்டாப் பூ ஊதாவாய்க் கொட்டிக் கிடந்தது, தூக்கியவர்களின் சப்பாத்துகளில் ஒட்டி உள்ளே வந்தது. முன்னறைக் கம்பளத்தில் பியானோக் கால்களின் சின்னச் சில்லுகள் நின்ற இடங்களில் குழிகள் இருந்தன. கண்ணாடி அன்னம் எங்கே போனது என்று எவருக்கும் தெரியவில்லை.

பிறகு கொழும்பிலிருந்து இன்னொரு தொலைபேசி வந்தது. வேறொரு தாள், வேறொரு முத்திரை. அப்பா அந்த வருடம் வரவில்லை. அடுத்த குளிர்காலமும் கழிந்த பிறகே வந்தார். அதுவரை முன்னறை வெறுமையாக இருந்தது. பெரியப்பா அதன் வாசலில் நிற்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமுவார். கட்டில் வாங்கிப் போடுவோமா என்று பெரியம்மா கேட்டபோது, "அவர் வரட்டும்," என்றார். பியானோவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவர் தவறாகக் கணித்தது என் கைகளை மட்டும் அல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பள்ளி விட்டு வந்தால் நான் அந்த அறையில் கம்பளத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வேன். அக்காவின் பரீட்சை முடிந்துவிட்டது. சுவரில் தட்ட ஆள் இல்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அம்மா குசினியில் கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். நான் முன்னறையில் இருந்தேன். நடுவில் ஒரு சுவர். கத்திச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு ஓடத் தொடங்கிக் குரல் வருவதற்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம். பிறகு அம்மா தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினார். தனியப் பாடுற பாட்டில்ல என்று சொன்ன அதே பாட்டு.

முதல் கூப்பிடல் முடிந்தது. என் விரல்கள் முழங்காலில் தாமாக ஓடின. அம்மா அவசரப்படவில்லை. இடையில் எனக்கு இருந்த பகுதி முழுவதையும் விட்டுக் காத்திருந்தார். என் வலக்கை கடைசி அலையைத் தொட்டுத் தாழ்ந்தபோது, மிகச் சரியாக, இரண்டாவது கூப்பிடல் வந்தது. பின்னேர வேலைக்குப் போகிற அம்மா, அந்த இடைவெளியை என் கைகளின் வேகத்துக்கு எப்போது கேட்டுப் பழகினார் என்று எனக்குத் தெரியாது.

எழுந்து போயிருக்கலாம். அவரும் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டு பேரும் செய்யவில்லை.

குரல் முடிந்தது. குசினியில் கத்தி அசையவில்லை, கதிரை இழுபடவில்லை. வெளியே ரயில் ஒன்று நின்று போனது. என் கைகள் மிச்ச ஆற்றை முழங்காலின் மேல் வாசித்து, மெல்லமாக்கி, இருட்டுக்குள் விட்டு, மடிக்கு வந்தன.

அப்போதுதான் அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்தார்.